கட்டியக்காரன் பொய் சொன்னானா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பத்து வாரமாக நான் எழுதிவந்த தொடர்கதை முடிந்துவிட்டது. முடிந்த நாளிலிருந்து ஒரே மாதிரியான கேள்விகள் போனில் வருகின்றன, நேரில் வருகின்றன, போன வாரம் காட்பாடியில் ஒரு கல்யாணப் பந்தியில் சாம்பார் வாளியோடு நின்றவரிடமிருந்தும் வந்தன. தனித்தனியாகச் சொல்லி மாளவில்லை. அதனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைக்கிறேன். கதையைப் படிக்காதவர்கள் முதல் பதிலோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அதற்குக் கீழே முடிச்செல்லாம் அவிழ்ந்து கிடக்கும்.

கதை என்ன, சுருக்கமாக?

ஆற்காட்டிலிருந்து செய்யாறு போகிற பக்கம் ஓர் ஊர். அங்கே ஒரு தெருக்கூத்துக் குழு, எங்கள் பேச்சில் ஜமா. மாசி மாதத்தில் வெளியூரில் ஒரு காரியக் கூத்து, அதாவது சாவுச் சடங்குக்கு ஆடுவது. விடிய விடிய கர்ண மோட்சம் ஆடி முடித்த காலையில், ஜமாவின் தலைவரான வாத்தியார் வயல் கிணற்றில் பிணமாகக் கிடக்கிறார். இருட்டில் கால் தவறிவிட்டது என்று ஊர் சொல்கிறது, போலீசும் அப்படியே எழுதிக்கொள்கிறது. பங்குனியில் சொந்த ஊர்த் திரௌபதி அம்மனுக்கு அக்னி வசந்த விழா. வாத்தியார் இருக்கும்போதே தாம்பூலம் வாங்கிவிட்டதால் பத்து ராத்திரிக் கூத்தை விட முடியாது. விழா முடிந்த பிறகு புது வாத்தியார் யார் என்று ஜமா கூடி முடிவு செய்யும்.

போட்டி இரண்டு பேருக்குள். முப்பது வருஷமாகத் துரியோதனன் கட்டுகிறவர் ஒருவர், ஊரே அவரை 'ராஜா' என்றுதான் கூப்பிடும். இன்னொருவர் அவரைவிட எட்டு வயது இளைய கட்டியக்காரர், கூத்தின் கோமாளி. பத்து இரவுக்குள் ஒருவரை ஒருவர் எப்படி உடைக்கிறார்கள் என்பதுதான் கதை. அத்தியாயத்துக்கு ஓர் இரவு.

இரண்டு பேருக்கும் ஏன் பெயரே வைக்கவில்லை?

எங்கள் பக்கம் வேஷக்காரருக்குப் பெயர் எடுபடாது. 'அதோ பீமன் போறாரு பாரு, சைக்கிள்ல' என்றுதான் சொல்வார்கள். ரேஷன் கார்டில் மட்டும் வேறு பெயர் இருக்கும்.

துரியோதனனுக்கு எதிரி பீமன்தானே? ஏன் கட்டியக்காரனை எதிரியாக்கினீர்கள்?

அதிகம் பேர் கேட்டது இதைத்தான். பதிலும் கொஞ்சம் நீளும்.

பீமனும் துரியோதனனும் மேடையில் மோதுவது எல்லாரும் எதிர்பார்க்கிற மோதல். ராகம், தாளம், அடி எல்லாம் முன்கூட்டியே தீர்ந்துபோன விஷயம். கட்டியக்காரனுக்கு மட்டும் அந்தக் கட்டு கிடையாது. ராஜா திரைக்குப் பின்னால் நின்று திரை விருத்தம் பாடும்போது, வருகிறவர் யார், எந்த நாடு என்று கேள்வி கேட்டு அவரைச் சபைக்குக் கொண்டுவருகிறவன் அவன். அரசனுக்குச் சேவகன், சபைக்குக் கோமாளி, பாட்டு தொய்ந்தால் பின்பாட்டுக்காரன். ராஜா ஏட்டில் இருப்பதைத்தான் பாட வேண்டும். இவனோ அன்றைக்குக் காலையில் டீக்கடையில் கேட்டதைக்கூட இரவில் மேடையில் வைத்துச் சொல்லலாம். ஊர்த் தலைவரைக் கிண்டல் செய்யலாம், ராஜாவின் தொப்பையைத் தட்டிப் பார்க்கலாம். சபை சிரிக்கும், சிரித்ததோடு மறந்துவிடும்.

இப்படி ஓர் ஆள் உங்களுக்கு எதிரியானால் என்ன ஆகும்? ஆயிரம் பேருக்கு முன்னால் உண்மையைச் சொல்லியே அவன் உங்களைக் குத்துவான், அதை ஒருவரும் குத்தாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். வலிப்பது உங்களுக்கு மட்டும்தான். கூடவே, அவன் எல்லா வேஷத்தோடும் மேடையில் நிற்பதால் எல்லார் பாட்டும் அவனுக்கு மனப்பாடம். வாத்தியார் ஸ்தானத்துக்கு அவனும் உரிமை கோர அது போதும்.

கட்டியக்காரர் கதை முழுக்க எத்தனை பொய் சொல்கிறார்?

ஒன்றுகூட இல்லை. வேண்டுமானால் முதல் அத்தியாயத்திலிருந்து எண்ணிப் பாருங்கள். ராஜாவிடம் அவர் பேசுவதெல்லாம் ஒன்று உண்மை, இல்லாவிட்டால் கேள்வி.

இரண்டாம் இரவு, சுபத்திரை கல்யாணம் முடிந்து அரிதாரம் கலைக்கும்போது, தேங்காய் எண்ணெய்க் கிண்ணத்தை நீட்டிக்கொண்டே அவர் கேட்பது இவ்வளவுதான்: "இன்னாணா, உடம்பு கிடம்பு சரியில்லியா? பின்பாட்டு இன்னிக்கு ரெண்டு எடத்துல தூக்கி உட்டுச்சே." பின்பாட்டு தூக்கிவிட்டது நிஜம். எந்த ராத்திரியிலும் அது நடக்கும், எந்த வேஷக்காரருக்கும் நடக்கும். அதுவரை யாரும் அதைச் சொல்லிக்காட்டியதில்லை, அவ்வளவே.

இங்கே கூத்தின் ஒரு நுணுக்கத்தைச் சொல்ல வேண்டும். வேஷக்காரர் ஓர் அடி பாடினால் பின்னால் இருப்பவர்கள் அதை வாங்கிப் பாடுவார்கள். வேஷக்காரருக்கு அடி மறந்தால் அவர்களே எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். சபைக்கு ஒன்றும் தெரியாது. ஆகவே விடியற்காலையில், 'நான் மறந்தேனா, மறப்பதற்குள் அவர்கள் எடுத்தார்களா?' என்று கேட்டால் வேஷக்காரருக்கே சரியாகத் தெரியாது. அந்த இடுக்கில்தான் கட்டியக்காரர் விரலை விடுகிறார்.

உண்மையைச் சொல்லி ஏமாற்றுவது நான் கண்டுபிடித்த வித்தை இல்லை. குருக்ஷேத்திரத்தில் பீமன் அசுவத்தாமன் என்ற யானையைக் கொன்றுவிட, 'அசுவத்தாமா இறந்தான்' என்று சொன்னார் தருமர். யானை என்ற சொல் துரோணர் காதில் விழவில்லை. பொய்யே பேசாதவர் சொன்னார் என்பதால்தான் அவர் வில்லைக் கீழே போட்டார். சகுனி சொல்லியிருந்தால் போட்டிருப்பாரா?

வேலூர், வடாற்காடு என்று பிடிவாதமாக வைத்ததற்கு வேறு காரணம் உண்டா?

நான் பிறந்து வளர்ந்த இடம் என்பது ஒன்று. இன்னொன்று, எங்களைப் பற்றியே ஊர் உலகம் சொல்கிற பழைய வசனம்: மரமில்லா மலை, நீரில்லா ஆறு, அரசனில்லாக் கோட்டை, சாமியில்லாக் கோயில். வெளியே எல்லாம் இருக்கும், உள்ளே இருக்க வேண்டியது மட்டும் இருக்காது. ஏமாற்றுக் கதைக்கு இதைவிட என்ன ஊர் வேண்டும்?

ஆனால் அந்த வசனத்திலேயே ஒரு தந்திரம் இருக்கிறது. கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்கு 1981-இல் சத்துவாச்சாரியிலிருந்து லிங்கத்தைக் கொண்டுவந்து வைத்துவிட்டார்கள். 2021 நவம்பரில் பாலாறு இரு கரையும் தொட்டு ஓடியதை நானே பாலத்தில் நின்று பார்த்தேன். வசனத்தில் பாதி பழைய உண்மையாகிவிட்டது. இன்னும் நாங்கள் அதையே சொல்லிக்கொண்டிருக்கிறோம், கேட்பவர்களும் நம்புகிறார்கள். மூன்றாம் அத்தியாயத்தில் கட்டியக்காரர் இதை மேடையில் கிண்டலாகச் சொல்கிறார். இடம் நிரப்புகிற காமெடி என்று சிலர் தாண்டிப் போனதாகச் சொன்னார்கள். தாண்டாதீர்கள்.

(வடாற்காடு என்று இப்போது மாவட்டமே கிடையாது என்று ஒரு தம்பி திருத்தினார். உண்மைதான். 1989-இல் இரண்டாகப் பிரிந்தது. 2019-இல் வேலூரிலிருந்து ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் தனியாகப் போயின. கூத்து கற்பவர்கள் தேடிப் போகிற புரிசையே இன்று திருவண்ணாமலைக் கணக்கில்தான் வருகிறது. கூத்துக்கு மட்டும் இன்னும் எல்லை பிரிக்கவில்லை.)

கட்டியக்காரர் தன்னை உடைக்கப் பார்க்கிறார் என்று ராஜாவுக்கு எப்போது தெரிய வந்தது?

மூன்றாம் இரவு. சலங்கை.

அந்தப் பத்தியை நான் ஏழெட்டு முறை எழுதினேன். அரிதாரம் பூசி, புஜக்கட்டை, மார்ப்பதக்கம் எல்லாம் கட்டிய பிறகு ராஜாவால் குனிய முடியாது. இவற்றைச் செய்கிற கல்யாண முருங்கைக் கட்டை கனமில்லாத மரம்தான், ஆனால் உடம்போடு இறுக்கிக் கட்டிய பிறகு இடுப்பு வளையாது. அதனால் சலங்கையை அவர் முதலிலேயே தானே கட்டிக்கொள்வார். முடிச்சு எப்போதும் கணுக்காலின் வெளிப்பக்கம் விழும். அன்றைக்குச் சபையில் கிறுகி, அதாவது சுழன்று, வரும்போது இடது சலங்கை நழுவுகிறது. கட்டியக்காரர் ஓடிவந்து காலடியில் உட்கார்ந்து இறுக்கிக் கட்டுகிறார். அப்போது எல்லாருக்கும் கேட்கும்படி, "மகாராஜா, இத யாரு கட்னது? பொண்டாட்டியா?" என்கிறார். சபை சிரிக்கிறது. திரைக்குப் பின்னால் போனதும் ராஜா சுவரில் காலைத் தூக்கி வைத்து விரலால் தடவிப் பார்க்கிறார். வலது சலங்கையின் முடிச்சு உள்பக்கம் இருக்கிறது. அவர் கட்டிய முடிச்சே இல்லை அது. கட்டியதற்கும் சபைக்கு வந்ததற்கும் நடுவில் யாரோ அவிழ்த்துக் கட்டியிருக்கிறார்கள். சாயந்திரம் அரை மணி நேரம் கண்ணயர்ந்தது அவருக்கு ஞாபகம் வருகிறது.

'தடவிப் பார்த்தார். சிரித்தார்.' அவ்வளவுதான் எழுதினேன். வெட்கச் சிரிப்பு என்று பெரும்பாலோர் எடுத்துக்கொண்டார்கள். அடுத்த இரவு பகடை துகிலில் அவர் முதல்முறையாக ஒரு முழு விருத்தத்தையே விடுகிறார். அது மறதி இல்லை. தூண்டிலில் புழு குத்துகிற வேலை.

மூன்றாம் இரவிலிருந்தே அவர் நடிக்கிறார் என்றால், ஆறாம் அத்தியாயத்தில் 'அவருக்குப் பயமாக இருந்தது' என்று எழுதியது வாசகரை ஏமாற்றுவதுதானே?

குடியாத்தத்திலிருந்து ஒரு ஆசிரியை இதைக் கேட்டார். நல்ல கேள்வி, எனக்குக் கொஞ்சம் வியர்த்தது.

மூன்றாம் இரவுக்குப் பிறகு நான் ராஜாவின் மனசுக்குள் போகவே இல்லை. வியர்வை, கை நடுக்கம், ஆர்மோனியக்காரரை அவர் திரும்பிப் பார்க்கிற பார்வை, இவற்றை மட்டும்தான் காட்டினேன். அந்த ஒரு வரி மட்டும் விதிவிலக்கு. அதை எடுக்காமல் விட்டதற்கும் காரணம் உண்டு. பயம் நிஜம். கட்டியக்காரரைக் கண்ட பயம் இல்லை அது. மறந்தது போல் மூன்று இரவு நடித்தவருக்கு ஆறாவது இரவில், எது நடித்த மறதி, எது நிஜ மறதி என்ற கணக்கு தப்ப ஆரம்பிக்கிறது. ஏழாம் இரவு கிருஷ்ணன் தூதில் ஓரிடத்தில் அவர் நிஜமாகவே மறக்கிறார். அந்த இடத்தைக் கட்டியக்காரரும் கண்டுபிடிக்கவில்லை, உங்களில் பலரும் கண்டுபிடிக்கவில்லை.

முப்பது வருஷம் பாடியவரைச் சும்மா கேள்வி கேட்டே சந்தேகப்பட வைக்க முடியுமா? சினிமாத்தனமாக இருக்கிறதே?

முடியும். கேள்வியில் இருக்கிற ஒரு சொல்லே ஞாபகத்தைத் திருத்தும் என்பதை உளவியலாளர் எலிசபெத் லாஃப்டஸ் 1974-இல் ஒரு சோதனையில் காட்டினார். கார் விபத்துப் படம் ஒன்றைப் போட்டுக் காட்டி, ஒரு கூட்டத்தினரிடம் கார்கள் 'மோதியபோது' என்ன வேகம் என்றும், இன்னொரு கூட்டத்தினரிடம் 'நொறுங்க மோதியபோது' என்ன வேகம் என்றும் கேட்டார்கள். ஒரு வாரம் கழித்து, கண்ணாடி உடைந்து கிடந்ததைப் பார்த்தீர்களா என்று கேட்டார்கள். படத்தில் உடைந்த கண்ணாடியே கிடையாது. 'நொறுங்க' என்று கேட்கப்பட்ட 50 பேரில் 16 பேர் பார்த்தேன் என்றார்கள், மற்றக் கூட்டத்தில் 50-க்கு 7 பேர்.

அதோடு தூக்கத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ராத்திரி பத்து மணிக்குக் களரி கட்டினால் விடிந்துதான் இறங்குவார்கள். பகலில் பங்குனி வெயிலில், தகரக் கொட்டாயில் தூக்கம். இப்படி ஐந்து நாள் போனால் வீட்டு வாசற்படி எந்தப் பக்கம் என்பதே எனக்குச் சந்தேகமாகிவிடும்.

வாத்தியாரைக் கொன்றது கட்டியக்காரர்தான் என்று சந்தேகப்படுகிற ராஜா ஏன் போலீசுக்குப் போகவில்லை? பொய் கண்டுபிடிக்கும் கருவியில் உட்கார வைத்தால் தீர்ந்தது அல்லவா?

அந்தக் கருவியில் ஒருவரை அவர் சம்மதம் இல்லாமல் உட்கார வைக்கக் கூடாது என்று 2010-இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. போலீசிடம் கொடுக்கிற ஒப்புதல் வாக்குமூலமும் கோர்ட்டில் செல்லாது. பழைய சாட்சியச் சட்டத்தில் அது 25-ஆவது பிரிவு, 2024 ஜூலை 1 முதல் வந்த புதுச் சட்டத்தில் 23. ஊர் ஜனத்துக்கு முன்னால் சொன்னதை வேண்டுமானால் சாட்சியாக எடுப்பார்கள், அதையும் பலவீனமான சாட்சி என்றுதான் பார்ப்பார்கள். மேடையில் கோமாளி சொன்னது என்றால் வக்கீல் சிரித்துக்கொண்டே கிழித்துவிடுவார். ராஜாவுக்குச் சட்டம் தெரியாது, ஆனால் சபையைத் தெரியும். கட்டியக்காரர் சபையில் ஒப்புக்கொண்டு, கேட்டவர்கள் வாயிலிருந்து அது போகாமல் இருந்தால் போதும் என்று நினைக்கிறார்.

முகத்தைப் பார்த்தே பொய்யைக் கண்டுபிடித்துவிடுவேன் என்கிறவர்களுக்கு ஒன்று. நூற்றுக்கணக்கான ஆய்வுகளைத் தொகுத்து 2006-இல் வந்த ஒரு கணக்குப்படி, மனிதர்கள் இதில் ஜெயிப்பது 100-க்கு 54 தடவை. காசு சுண்டினாலே 50 வரும்.

(இன்னொரு விஷயம்: மோசடிக்காரனை '420' என்று திட்டுவதும் இனிச் சட்டப்படி செல்லாது. அது இப்போது 318. 'சரியான முந்நூத்திப் பதினெட்டு' என்றால் ஏனோ கோபமே வர மாட்டேன் என்கிறது.)

பத்தாம் இரவு என்னதான் நடந்தது? செருப்பு விஷயம் புரியவில்லை.

பதினெட்டாம் போர். சேனை எல்லாம் அழிந்து துரியோதனன் தனியாளாய் ஓடி, மடுவில் இறங்கித் தண்ணீருக்குள் ஒளிகிற கட்டம். களத்தில் ராஜாவும் கட்டியக்காரரும் மட்டும்தான். மணி நாலு இருக்கும். ராஜா மடுவுக்குள் கால் வைப்பதுபோல் அபிநயம் பிடிக்கிறார். வழக்கமாக அங்கே முதலை ஜோக் ஒன்று வரும். அன்றைக்கு வரவில்லை. கட்டியக்காரர் அவர் காலையே பார்த்துக்கொண்டு சொல்கிறார்: "தண்ணில எறங்கறதுக்கு முன்ன செருப்ப ஜோடியா கழட்டி வெச்சிட்டு எறங்கு மகாராஜா. வாத்தியார் வெச்சாரே, அந்த மாதிரி."

கிணற்றங்கரையில் செருப்பு இருந்ததாகப் போலீசுக்குத் தெரியாது, ஊருக்கும் தெரியாது. ஏனென்றால் அன்று விடியலில் முதலில் அங்கே போனவர் ராஜா. ஜோடியாய், வரப்பைப் பார்த்தபடி வைத்திருந்த செருப்பைப் பார்த்தார். தற்கொலை என்று பெயர் வந்தால் வாத்தியார் மானம் போய்விடும் என்று நினைத்தாரோ என்னவோ, துண்டில் சுருட்டி எடுத்துக்கொண்டார். ஆகவே செருப்பைப் பற்றிப் பேசுகிறவன் அன்று இரவு அங்கே இருந்தவனாகத்தான் இருக்க வேண்டும். ஏழு இரவு காத்திருந்த மீன் மாட்டிவிட்டது என்று அவர் நிமிர்ந்து பார்க்கிறார்.

எதிரில் இருப்பவரின் முகத்திலும் அதே பார்வை. மோட்டார் கொட்டாயில் படுத்திருந்த கட்டியக்காரர், ராஜா செருப்பைச் சுருட்டியதைப் பார்த்திருந்தார். கொன்றவன் இல்லாவிட்டால் அதை ஏன் மறைக்க வேண்டும்? அவரும் பத்து இரவாகத் தூண்டில் போட்டுக்கொண்டுதான் இருந்தார். அந்த வசனம்தான் அவருடைய கடைசிப் புழு.

அப்படியானால் கொலையே நடக்கவில்லையா?

நான் எழுதியதில் இல்லை. குதித்தாரா, கால் கழுவ இறங்கி வழுக்கினாரா என்று சொல்லவும் மாட்டேன். செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு இறங்குவதற்கு இரண்டு காரணமும் பொருந்தும்.

வாத்தியார் ஸ்தானம் யாருக்குக் கிடைத்தது?

ஆர்மோனியக்காரருக்கு.

படுகளத்தில் ராஜா அழுதது நடிப்பா?

படுகளம் பார்த்தவர்கள் இதைக் கேட்க மாட்டார்கள். கோயில் வெளியில் மண்ணால் பெரிய துரியோதனனைப் படுக்க வைத்திருப்பார்கள். பீமன் தொடையில் அடித்த பிறகு, திரௌபதி அந்த ரத்தத்தைத் தொட்டுக் கூந்தல் முடிப்பாள். அதுவரை அவனைத் திட்டிக்கொண்டிருந்த ஜனமே காந்தாரி ஒப்பாரி வைக்கும்போது கண்ணைத் துடைக்கும், அந்த மண்ணில் ஒரு பிடி எடுத்து வீட்டுக்குக் கொண்டுபோகும். கிரீடத்தோடு அதன் பக்கத்தில் நிற்கிறவர் அழுதால் அதில் எவ்வளவு வேஷம் என்று பிரித்துப் பார்க்க எனக்குத் தெரியவில்லை. கட்டியக்காரர் அவர் தோளைத் தொட்டு "வாணா, டீ சாப்ட்லாம்" என்கிறார். அதையும் சிலர் இன்னொரு சூழ்ச்சி என்கிறார்கள். டீ சாப்பிடக் கூப்பிட்டார் என்றே வைத்துக்கொள்ளுங்களேன்.

இதெல்லாம் நடக்கும்போது வாத்தியாரம்மா சும்மா பாயில் உட்கார்ந்து கூத்துப் பார்க்கிறாரே. அவருக்கு ஒன்றுமே தெரியாதா?

கட்டைப் பெட்டி அவர் வீட்டில். சாவி அவர் இடுப்பில். தினமும் சாயந்திரம் கிரீடம், புஜக்கட்டை எல்லாவற்றையும் எண்ணி எடுத்துக் கொடுப்பவரும், விடிந்ததும் எண்ணி உள்ளே வைப்பவரும் அவர்தான். ராஜா அந்தத் துண்டுச் சுருட்டை அடித்தட்டில், பழைய ஏட்டுக்குக் கீழே, செருகி வைத்தது மாசியிலேயே. நாலாம் அத்தியாயத்தின் கடைசி வரியை ஒருமுறை எடுத்துப் பாருங்கள்: 'அம்மா உள்ளே எதையோ புடவைத் தலைப்பால் துடைத்து வைத்தார். பிறகு பெட்டியைப் பூட்டினார்.'

கிரீடத்தைத் துடைக்கிறார் என்று நினைத்தீர்கள். கிரீடம் அப்போது ராஜாவின் தலையில் இருந்தது.